‘3+’ என்று போட்டிருந்தால் போதுமா? ஸ்போர்ட்ஸ் வீடியோ கேம் உங்க பிள்ளைக்கு ஏற்றதா... கண்டுபிடிப்பது எப்படி?

"அப்பா, ஒரே ஒரு பேக் மட்டும்பா... பிளீஸ்!"

கால்பந்து கேம் விளையாடும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, பந்தை உதைக்கிறான், அவ்வளவுதானே என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். டவுன்லோட் செய்யும் பக்கத்திலும் ‘3+’ என்றுதான் போட்டிருக்கும். மூணு வயசுக் குழந்தையே விளையாடலாம் என்றால் ஆறாம் வகுப்புப் பையன் விளையாடினால் என்ன?

பிரிட்டனில் ஒரு குடும்பமும் அப்படித்தான் நினைத்தது. 2019-ல் பிபிசி வெளியிட்ட செய்தி அது. ஃபிஃபா கால்பந்து கேமில் அப்பா ஒருமுறை ‘பிளேயர் பேக்’ வாங்கித் தந்திருக்கிறார். அவர் எப்படி வாங்குகிறார் என்பதை வீட்டில் இருந்த நான்கு பிள்ளைகளும் பார்த்துவைத்துக் கொண்டார்கள். அடுத்த மூன்றே வாரத்தில் அப்பாவின் கணக்கிலிருந்து 550 பவுண்டு காலி. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 47 ஆயிரம் ரூபாய். இத்தனை செலவு செய்தும் அவர்கள் தேடிய மெஸ்ஸி மட்டும் கிடைக்கவே இல்லை.

பிள்ளைகள் எந்தத் தளத்தையும் ஹேக் செய்யவில்லை. கேம் எதைச் செய்யச் சொன்னதோ அதைத்தான் செய்தார்கள். அப்படியென்றால் ‘3+’ என்ற எண் என்னதான் சொல்கிறது? அது சொல்லாமல் விடுவது என்ன? ஒரு ஸ்போர்ட்ஸ் கேம் நம்ம பிள்ளைக்கு ஏற்றதா என்று வீட்டிலேயே சோதிப்பது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

‘3+’ ரேட்டிங்கை யார் கொடுக்கிறார்கள்?

சினிமாவுக்கு யு, யு/ஏ, ஏ என்று சான்றிதழ் தர நம்மிடம் தணிக்கை வாரியம் இருக்கிறது. வீடியோ கேமுக்கு அப்படி ஓர் அமைப்பு இந்தியாவில் இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டு, சர்வதேச அமைப்புகளின் ரேட்டிங்தான்.

ஐரோப்பாவில் ‘பெகி’ என்ற அமைப்பு. 3, 7, 12, 16, 18 என்று வயதைப் போடும். அமெரிக்காவில் ‘இஎஸ்ஆர்பி’. அங்கே எண்ணுக்குப் பதில் எழுத்து. ‘இ’ என்றால் எல்லோரும் விளையாடலாம், ‘டி’ என்றால் 13 வயதுக்கு மேல், ‘எம்’ என்றால் 17-க்கு மேல். ஜெர்மனியில் ‘யுஎஸ்கே’.

ஆண்ட்ராய்டு ஃபோனில், பிளே ஸ்டோரில் நாம் பார்க்கும் எண் ‘ஐஏஆர்சி’ என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் முறையில் வருவது. கேமை உருவாக்கிய நிறுவனமே ஒரு கேள்வித்தாளை நிரப்பும். வன்முறை இருக்கிறதா, ஆபாசம் இருக்கிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா, சூதாட்டம் இருக்கிறதா என்று கேள்விகள் இருக்கும். அந்தப் பதில்களை வைத்து ரேட்டிங் தானாக வந்து விழும். ஆப்பிள் ஸ்டோருக்குத் தனி வயது வரிசை உண்டு.

பெரும்பாலும் இந்த எண், ‘திரையில் என்ன தெரிகிறது’ என்பதைத்தான் அளக்கிறது. கேம் பிள்ளையிடம் எவ்வளவு பணம் கேட்கும், எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கும், யாருடன் பேச வைக்கும் என்பதையெல்லாம் அந்த ஒற்றை எண் சொல்லாது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கேம் எல்லாமே ஒண்ணு இல்லை

‘ஸ்போர்ட்ஸ்’ என்ற பெயர் இருந்தாலே பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. மல்யுத்த கேமான ‘டபிள்யூடபிள்யூஇ 2கே’ வரிசைக்கு அமெரிக்காவில் ‘டி’ ரேட்டிங், அதாவது 13 வயதுக்கு மேல். கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் ‘யுஎஃப்சி 5’ கேமுக்கு ‘எம்’, அதாவது 17 வயதுக்கு மேல். ரத்தம் தெறிக்கும் காட்சிகள் உள்ள கேம் அது. டிவியில் டபிள்யூடபிள்யூஇ பார்க்கிற பையன்தானே என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே ரேட்டிங் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

சிக்கல் வருவது கால்பந்து, கூடைப்பந்து, கிரிக்கெட் பக்கம்தான். அங்கே திரையில் தவறாக எதுவும் தெரியாது.

பேக் என்றால் என்ன? ஏன் இவ்வளவு பேச்சு?

ஃபிஃபா என்ற பெயரில் 1993 முதல் வந்துகொண்டிருந்த கேமை உருவாக்கியது அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், சுருக்கமாக ‘இஏ’. ஃபிஃபா அமைப்புடனான ஒப்பந்தம் முடிந்ததும், 2023 செப்டம்பர் முதல் அதே கேம் ‘இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி’ என்ற பெயரில் வருகிறது.

இதில் ‘அல்டிமேட் டீம்’ என்று ஒரு பகுதி உண்டு. நமக்குப் பிடித்த வீரர்களைச் சேர்த்து ஓர் அணி கட்ட வேண்டும். ஒவ்வொரு வீரரும் ஒரு கார்டு. கார்டுகள் மூடிய உறை போல ‘பேக்’காக வரும். பிரித்தால்தான் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியும். மெஸ்ஸியும் வரலாம், பெயர் தெரியாத ஒரு மாற்று ஆட்டக்காரரும் வரலாம். இந்த மாதிரி ‘பிரித்தால்தான் தெரியும்’ பொருட்களுக்குப் பொதுப்பெயர் ‘லூட் பாக்ஸ்’.

பபுள்கம் வாங்கிக் கிரிக்கெட் அட்டை சேர்த்த தலைமுறைக்கு இது புதிதல்ல. பெட்டிக்கடை அட்டையில் சீட்டைக் கிழித்துப் பரிசு பார்த்தவர்களுக்கும் அந்தப் படபடப்பு தெரியும். ஆனால் பெட்டிக்கடை ராத்திரி சாத்திவிடுவார்கள். கையில் இருக்கிற சில்லறை தீர்ந்தால் விளையாட்டு முடிந்தது. ஃபோனில் இருக்கும் கடை சாத்துவதே இல்லை. சில்லறைக்குப் பதில் அப்பாவின் கார்டு இருக்கிறது.

பேக்கை நேரடியாக ரூபாய் கொடுத்து வாங்குவதும் இல்லை. முதலில் ரூபாயை ‘பாயிண்ட்’டாக மாற்ற வேண்டும். பிறகு பாயிண்ட் கொடுத்துப் பேக் வாங்க வேண்டும். விளையாடிச் சம்பாதிக்கும் ‘காயின்’ என்பது தனி. பாயிண்ட், காயின் என்று இரண்டு நாணயம் புழங்கும்போது, இந்த ஒரு பேக்கின் விலை எத்தனை ரூபாய் என்று பெரியவர்களுக்கே சட்டென்று சொல்ல வராது. பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி வரும்?

இன்னொன்று, ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் வாக்கில் புது கேம் வரும். பழைய கேமில் சேர்த்த வீரர்கள் புதியதற்கு வர மாட்டார்கள். அணியை மறுபடியும் முதலில் இருந்து கட்ட வேண்டும்.

இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது? 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், கால்பந்து, அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி கேம்களின் அல்டிமேட் டீம் பகுதியில் இருந்து மட்டும் இஏ நிறுவனம் சுமார் 162 கோடி டாலர் வருமானம் பார்த்தது. நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் கால் பங்குக்கும் அதிகம்!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

பேக்கில் எந்த மாதிரி கார்டு வர எவ்வளவு வாய்ப்பு என்பதை இந்த கேம் இப்போது காட்டுகிறது. பெரிய வீரர்களின் சிறப்பு கார்டுகளுக்குப் பக்கத்தில் பல நேரம் ‘1 சதவீதத்துக்கும் கீழ்’ என்றுதான் இருக்கும்.

சரி, சரியாக 1 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பேக் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ‘நூறு பேக் வாங்கினா கண்டிப்பா ஒண்ணு வந்துடும்’ என்று பிள்ளை நினைக்கும். தப்பு. நூறு பேர் ஆளுக்கு நூறு பேக் பிரித்தால், அதில் ஏறக்குறைய 37 பேருக்கு அந்த கார்டு ஒருமுறைகூட வராது. ஆளுக்கு 10 ஆயிரம் ரூபாய் போயிருக்கும், கார்டும் இருக்காது.

காரணம் எளிது. ஒவ்வொரு பேக்கும் புதுசு. ‘இவன் இதுவரை 99 வாங்கிட்டான், பாவம்’ என்று கேம் கணக்கு வைத்துக்கொள்ளாது. ‘இவ்வளவு போட்டாச்சு, அடுத்ததுல வந்துடும்’ என்ற எண்ணம்தான் லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களையும் இழுத்தது. தமிழ்நாடு 2003-லேயே லாட்டரியைத் தடை செய்தது நினைவிருக்கும்.

பிள்ளையிடம் ‘சூதாட்டம் தப்பு’ என்று சொல்வதைவிட, இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுவது பலன் தரும். ஒரு பையில் 99 புளியங்கொட்டை, ஒரே ஒரு பட்டன் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பிள்ளைக்கே புரிந்துவிடும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இது சூதாட்டமா இல்லையா என்பதில் உலகம் முழுக்க ஒரே பதில் கிடையாது.

பெல்ஜியம்: 2018-ல் அந்நாட்டு சூதாட்ட ஆணையம், காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் சட்டவிரோதம் என்று சொன்னது. அது ஆய்வு செய்த கேம்களில் ஃபிஃபா 18-ம் ஒன்று. 2019 ஜனவரியோடு இஏ அங்கே பாயிண்ட் விற்பதை நிறுத்தியது. கேம் தொடர்ந்து விற்கிறது, பாயிண்ட் விற்பனை மட்டும் இல்லை. பணம் இல்லாமலும் இந்த கேம் ஓடும் என்பதற்கு அதுவே சாட்சி.

நெதர்லாந்து: சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்பு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கீழ் நீதிமன்றம் 2020-ல் அதை ஏற்றது. ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்துவிட்டது. பேக் என்பது தனி ஆட்டம் அல்ல, பெரிய கால்பந்து கேமின் ஒரு பகுதிதான் என்பது தீர்ப்பு.

பிரிட்டன்: இதைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று 2019-ல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. 2022-ல் அரசு அதை ஏற்கவில்லை. நிறுவனங்களே கட்டுப்பாடு கொண்டுவரட்டும் என்று விட்டுவிட்டது.

ஜெர்மனி: இங்கேதான் கவனிக்க வேண்டிய மாற்றம். 2023-ல் யுஎஸ்கே அமைப்பு, கேமுக்குள் பணம் கேட்பது, வாங்கத் தூண்டும் அழுத்தம் ஆகியவற்றையும் ரேட்டிங்கில் சேர்த்தது. அதுவரை எல்லா வயதினருக்கும் என்று இருந்த கால்பந்து கேம், ‘எஃப்சி 24’ வந்தபோது 12 வயதுக்கு மேல் என்று மாறியது. அதே கேமுக்கு பெகி கொடுத்த எண் 3!

ஆஸ்திரேலியா: 2024 செப்டம்பர் 22 முதல், காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் உள்ள புது கேம்களுக்குக் குறைந்தபட்சம் ‘எம்’ ரேட்டிங். அங்கே ‘எம்’ என்றால் 15 வயதுக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை என்று அர்த்தம். அமெரிக்க ‘எம்’ வேறு, இது வேறு.

ஆக, அதே கேம், அதே பேக், நாட்டுக்கு நாடு வயது மட்டும் வேறு. ஒரு எண்ணை மட்டும் நம்ப முடியாது என்று சொல்வது இதனால்தான்.

ரேட்டிங் அமைப்பே தடுமாறிய இரண்டு கதை

2019 ஆகஸ்ட்டில் ‘என்பிஏ 2கே20’ என்ற கூடைப்பந்து கேமின் டிரெய்லர் வந்தது. அதில் சுழல் சக்கரம், ஸ்லாட் மெஷின் என்று ஒரு கேசினோவே ஓடியது. கேமுக்கு பெகி தந்த ரேட்டிங் 3. ரசிகர்களே கொந்தளித்தார்கள். சூதாட்டத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் விதிப்படி ரேட்டிங் சரிதான் என்று விளக்கம் வந்தது. அந்தக் காட்சிகள் சிலருக்கு நெருடலாக இருக்கும் என்பதையும் பெகி ஒப்புக்கொண்டது.

அடுத்தது ‘பலாட்ரோ’ என்ற சீட்டு கேம். போக்கர் சீட்டுகளை வைத்து விளையாடுவது. உள்ளே ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. 2024-ல் பெகி இதற்கு 18 கொடுத்தது. சீட்டுக்கட்டு தெரிகிறது என்பதற்காக 18, நிஜப் பணம் வாங்கும் கால்பந்து கேமுக்கு 3-ஆ என்று அதை உருவாக்கியவர் கேட்டார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் பலாட்ரோவின் ரேட்டிங் 12 ஆகக் குறைந்தது.

ஆனாலும் ரேட்டிங் அமைப்புகள் ஒரு நல்ல காரியம் செய்தன. 2020 ஏப்ரல் முதல், வயது எண்ணுக்குப் பக்கத்தில் ‘கேமுக்குள் வாங்கும் வசதி உண்டு, என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியாது’ என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்க்கிறார்கள். பெற்றோர் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

இந்தியாவில், தமிழ்நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்லைன் ரம்மி மாதிரி பணம் கட்டி விளையாடும் ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் அந்த ஆட்டங்களுக்குள் நுழையவே கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருமே விளையாடக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் இதை உறுதி செய்தது. அடுத்து 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்தது.

ஆனால் இந்தச் சட்டங்களின் குறி, ‘பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும்’ ஆட்டம். கால்பந்து கேமில் பேக் பிரித்தால் பணம் வராது, கார்டுதான் வரும். லூட் பாக்ஸ் என்று தனியாகப் பெயர் சொல்லி இந்தச் சட்டங்கள் எதையும் பேசவில்லை.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு பக்கம் உதவும். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தகவலைத் திரட்ட, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் அனுமதி வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

சுருக்கமாகச் சொன்னால், இப்போதைக்குக் காவல்காரர் வேலை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான்.

இலவச கிரிக்கெட் கேம் என்றால் பிரச்னை இல்லையா?

நம்ம ஊரில் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கன்சோல் வாங்குபவர்கள் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் விளையாடுவது ஃபோனில், அதுவும் இலவச கேம். ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ வரிசையை உருவாக்கியது சென்னையைச் சேர்ந்த நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா நிறுவனம். ‘ரியல் கிரிக்கெட்’, ‘எஃப்சி மொபைல்’, ‘இஃபுட்பால்’ எல்லாமே இலவசமாகத் தரவிறக்கலாம்.

இலவச கேம் இரண்டு வழியில் சம்பாதிக்கும். ஒன்று விளம்பரம், இன்னொன்று உள்ளே விற்பனை. விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு பரிசு, பார்த்தால் இன்னொரு ஓவர் என்று இழுக்கும் கேம்களில், பிள்ளை விளையாடும் நேரத்துக்கு ஈடாக விளம்பரம் பார்க்கும் நேரமும் ஓடும். என்ன விளம்பரம் வருகிறது என்பது இன்னும் முக்கியம். கேம் நல்லதாக இருக்கும், நடுவில் வரும் விளம்பரம் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்காது.

அதற்காக எல்லா கேமையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. கார் ஓட்டிக்கொண்டே கால்பந்து ஆடும் ‘ராக்கெட் லீக்’ கேமில், காசு கொடுத்துப் பிரிக்கும் பெட்டிகளை 2019 டிசம்பரில் எடுத்தே விட்டார்கள். ‘நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்’ மாதிரி கேமில் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், வீட்டில் எல்லோரும் எழுந்து நின்று கையை வீசி விளையாடலாம். எஃப்சி கேமிலேயே ‘கரியர்’, ‘கிக் ஆஃப்’ என்ற பகுதிகளில் பேக் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் ‘எந்த கேம்’ என்பதோடு ‘அதில் எந்தப் பகுதி’ என்றும் பார்க்க வேண்டும்.

20 நிமிடத்தில் நீங்களே சோதிக்கலாம்

கேமைப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் 20 நிமிடம் விளையாடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. இந்த 7 கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

1. ஸ்டோர் பக்கத்தில் ‘இன்-ஆப் பர்ச்சேஸ்’ என்று போட்டிருக்கிறதா? ‘அபவுட் திஸ் கேம்’ பகுதியில் கீழே இறங்கிப் பாருங்கள். ஒரு பொருளுக்கு இத்தனை ரூபாய் முதல் இத்தனை ரூபாய் வரை என்று இருக்கும். முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவது எண்ணைப் பாருங்கள். ஒரே தட்டில் அதிகபட்சம் போகக்கூடிய தொகை அதுதான்.

2. வாங்கும் பொருள் என்னவென்று முன்கூட்டியே தெரிகிறதா? ‘இந்த பேட் 80 ரூபாய்’ என்றால் அது கடை. ‘80 ரூபாய் கொடு, என்ன வரும்னு பார்க்கலாம்’ என்றால் அது குலுக்கல். 12 வயதுக்குக் கீழே குலுக்கல் வேண்டாம்.

3. காசு கட்டாமல் ஜெயிக்க முடிகிறதா? பத்து மேட்ச் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோற்கும் ஒவ்வொரு முறையும் ‘நல்ல வீரர் வேண்டுமா?’ என்று கடை திறந்தால், கேம் உங்கள் பிள்ளையின் திறமையைச் சோதிக்கவில்லை, உங்கள் பர்ஸைச் சோதிக்கிறது.

4. அவசரப்படுத்துகிறதா? ‘இன்னும் 2 மணி நேரம் மட்டும்’, ‘இன்னைக்கு வரலைன்னா பரிசு போயிடும்’ என்று கடிகாரம் ஓடுகிறதா?

5. முன்பின் தெரியாதவர் பேச முடியுமா? எழுத்து சாட், குரல் சாட், நண்பர் கோரிக்கை மூன்றையும் பாருங்கள். அணைக்க முடியவில்லை என்றால் சிறு பிள்ளைக்கு அந்த கேம் வேண்டாம்.

6. இணையம் இல்லாமல் ஓடுகிறதா? ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். ஓடினால் சாட், விளம்பரம், விற்பனை மூன்றும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

7. நிறுத்துவது எளிதா? ஒரு மேட்ச் முடிந்ததும் மெனுவுக்கு வந்து நிற்கிறதா, அடுத்த மேட்ச் தானாகத் தொடங்குகிறதா?

இரண்டாவது, ஐந்தாவது கேள்விகளில் ஒன்றில் சிக்கல் இருந்தாலே சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். மற்றவற்றில் சிக்கல் என்றால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் விளையாடட்டும்.

செட்டிங்ஸில் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு: பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி செட்டிங்ஸ் போங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி மாற்றுங்கள். பிள்ளைக்குத் தனி ஃபோன் என்றால் ‘ஃபேமிலி லிங்க்’ ஆப் மூலம் உங்கள் அனுமதி இல்லாமல் எதுவும் வாங்க முடியாதபடி செய்யலாம்.

ஐஃபோன்: செட்டிங்ஸில் ‘ஸ்க்ரீன் டைம்’ போய், கட்டுப்பாடுகள் பகுதியில் இன்-ஆப் பர்ச்சேஸை ‘டோன்ட் அலோ’ என்று மாற்றுங்கள்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ: பிள்ளைக்குத் தனியாக ‘சைல்டு அக்கவுண்ட்’ தொடங்குங்கள். உங்கள் கணக்கிலேயே விளையாட விடாதீர்கள். பிளேஸ்டேஷனில் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யம் என்றே வைக்கலாம்.

எஃப்சி கேம்: கன்சோலில் ‘பிளேடைம்’ என்ற பகுதியில் வாரத்துக்கு எத்தனை மேட்ச், எத்தனை பேக், எவ்வளவு பாயிண்ட் என்று வரம்பு போடலாம்.

இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று உண்டு. பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். ‘வயசு கம்மியா போட்டா ஓப்பன் ஆகமாட்டேங்குது’ என்று 2000-ம் ஆண்டைப் போட்டால், அந்தக் கணக்குக்கு இருக்கும் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும். யுபிஐ பின், ஃபோன் லாக் இரண்டையும் பிள்ளை பார்க்கும்படி அடிக்காதீர்கள். பிரிட்டன் கதை தொடங்கியது அங்கேதான்.

எவ்வளவு நேரம் விளையாடலாம்?

இந்திய குழந்தைகள் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்கும் குறைவு. இது டிவி, ஃபோன், கேம் எல்லாம் சேர்த்து.

ஸ்போர்ட்ஸ் கேமில் ‘அரை மணி நேரம்’ என்று சொன்னால் மேட்ச் நடுவில் நிறுத்த வேண்டி வரும், சண்டைதான் மிஞ்சும். ‘ரெண்டு மேட்ச்’ என்று கணக்கு வையுங்கள். முடியும் இடம் பிள்ளைக்கும் தெரியும்.

அதிகம் விளையாடுகிறான் என்பதாலேயே அடிமை என்று முத்திரை குத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் டிஸார்டர்’ என்று ஒரு பாதிப்பை வகைப்படுத்தியிருக்கிறது. கட்டுப்பாடு இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாத அளவுக்கு நீடித்தால்தான் அந்தக் கணக்கில் வரும். தூக்கம், சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் நாலும் பாதித்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பணம் போயிடுச்சா? உடனே என்ன செய்வது?

முதலில் பதற்றப்பட்டு அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை பிள்ளை மறைக்கும். நாள் தள்ளிப்போனால் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

கூகுள் பிளேயில் வாங்கியதாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனை என்றால் 120 நாளுக்குள் புகார் செய்ய வழி உண்டு. ஆப்பிளிலும் வாங்கிய பட்டியலில் இருந்தே ‘ரிப்போர்ட் எ பிராப்ளம்’ மூலம் கேட்கலாம். கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை, ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள்.

‘இலவச காயின் தரோம், ஓடிபி சொல்லு’ என்று யாராவது ஏமாற்றி எடுத்திருந்தால், அது கேம் பிரச்னை இல்லை, மோசடி. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக... பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

‘எப்பப் பாரு கேமு’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘உன் டீம்ல யாரெல்லாம் இருக்காங்க, காட்டு’ என்று தொடங்கிப் பாருங்கள். எந்த வீரரை எங்கே நிறுத்தியிருக்கிறான், ஏன் நிறுத்தியிருக்கிறான் என்று கண் விரியச் சொல்வான். அப்போது கேளுங்கள், ‘இவரை எப்படிப் பிடிச்சே? விளையாடி ஜெயிச்சதா, பேக்ல வந்ததா?’ அந்த ஒரு கேள்விக்கான பதிலில் உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் வந்துவிடும்.

ஸ்கூலில் நண்பனிடம் இருக்கும் கார்டு தன்னிடம் இல்லை என்ற வருத்தம் பிள்ளைக்கு நிஜம். அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். விளையாடிச் சேர்த்த காயினில் வாங்கலாம், மெதுவாக வரும் என்று சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு மேட்ச் ஆடுங்கள்.

அஞ்சு கோல் வாங்கித் தோற்பீர்கள். பரவாயில்லை. அந்த கேம் பிள்ளைக்கு ஏற்றதா இல்லையா என்று அப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.